முழுத்துண்டு மாட்டுக்கறி, ஸ்லோ குக்கரில்: பாட் ரோஸ்ட் செய்முறை

பாட் ரோஸ்ட் பெயரில்தான் ரோஸ்ட். வறுக்கிற வேலையெல்லாம் முதல் கால் மணி நேரத்தோடு முடிந்துவிடும். மீதி எட்டு மணி நேரமும் ஸ்லோ குக்கர் என்ற மெதுவாகச் சூடேறும் மின்சாரப் பானைக்குள், மூடியபடி, கொஞ்சம் சாற்றில், கறி முழுத்துண்டாகவே கிடந்து வேகும். அமெரிக்க வீடுகளின் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு இது. கேரட், உருளைக்கிழங்கு, வெங்காயத்தோடு நியூ இங்கிலாந்துப் பக்கம் செய்வதை யாங்கி பாட் ரோஸ்ட் என்பார்கள். மசாலா என்று பார்த்தால் மிளகும் இரண்டு மூன்று இலைகளும்தான்.

குழம்பு வைத்துப் பழகிய கை இதில் மூன்று இடங்களில் தடுமாறும். கறியைச் சிறிதாக நறுக்கிவிடும். தண்ணீரைத் தாராளமாக ஊற்றிவிடும். ஆறாவது மணியில் கறி விறைப்பாக இருப்பதைப் பார்த்து, அதிகம் வெந்துவிட்டது என்று பயந்து அணைத்துவிடும். மூன்றாவதுதான் அதிகமான பாட் ரோஸ்ட்களைக் கெடுக்கிறது. விறைப்பாக இருந்தால் கறி இன்னும் வேகவில்லை என்றே பொருள். ஏன் என்பது கீழே வருகிறது.

எந்தக் கறி வாங்குவது

விலை கூடிய கறி இதற்கு ஆகாது. முதுகுப் பக்கத்து டெண்டர்லாயின், சர்லாயின் போன்றவை ஏற்கெனவே மென்மையானவை. எட்டு மணி நேரம் வேகவைத்தால் சக்கையாகிவிடும். வேண்டியது மாடு நாள் முழுக்க உழைக்கவிட்ட தசை: கழுத்தும் தோளும் சேரும் இடம். அமெரிக்கக் கடைகளில் சக் ரோஸ்ட் என்று இருக்கும். பிரிட்டனில் சக் அல்லது பிரெய்சிங் என்று கேளுங்கள். கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் பிளேடு என்ற பெயரிலும் வரும். பார்வைக்கு அழகாக இருக்காது. தசைக்கு நடுவே வெள்ளைக் கோடுகளாகக் கொழுப்பும், குறுக்கே ஜவ்வும் ஓடும். பச்சையாக இருக்கும்போது வேண்டாம் என்று தள்ளத் தோன்றும் அந்த ஜவ்வுக்காகத்தான் இந்தத் துண்டையே வாங்குகிறோம்.

மார்புப் பகுதியான பிரிஸ்கெட்டும் நன்றாக வரும். நார் நீளமாக இருக்கும், அதனால் பிய்வதை விட வில்லை போட்டுப் பரிமாற ஏற்றது. ஒரு மணி நேரம் கூடுதலாக வையுங்கள். பின்தொடையின் ரவுண்ட், ரம்ப், பிரிட்டிஷ் கடைகளின் சில்வர்சைட், டாப்சைட் எல்லாம் மலிவாகவும் துண்டு வடிவாகவும் இருப்பதால் ஆசை காட்டும். அவற்றில் ஜவ்வும் கொழுப்பும் குறைவு. எவ்வளவு நேரம் வைத்தாலும் தொண்டையில் நிற்கும். பொட்டலத்தின் மேல் ‘பாட் ரோஸ்ட்’ என்று மட்டும் எழுதியிருந்தால் எந்தப் பகுதி என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

தமிழ்நாட்டுக் கறிக்கடையில் இந்தப் பெயர்கள் எதுவும் உதவாது. முன்தோள் பக்கம், எலும்பில்லாமல், வெட்டாமல் ஒரே துண்டாக ஒன்றரைக் கிலோ என்று கேளுங்கள். வெட்டாமல் என்பதை இரண்டு முறை சொல்லுங்கள். கடைக்காரரின் கத்தி பழக்கத்தில் இறங்கிவிடும். கிடைப்பது எருமையாகவோ வயதான மாடாகவோ இருந்தால் கொழுப்பு குறைவாகவும் ஜவ்வு முரட்டுத்தனமாகவும் இருக்கும். கீழே சொல்லும் நேரத்தோடு ஒன்றிரண்டு மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

துண்டின் கனம் 7 முதல் 8 செ.மீ. இருந்தால் நல்லது. மெல்லிய பலகையாக இருந்தால் சுருட்டிப் பருத்தி நூலால் மூன்று இடத்தில் கட்டுங்கள். ஒன்றரைக் கிலோ பச்சைக் கறி வெந்தபின் ஏறக்குறைய ஒரு கிலோவாகும். காய்களோடு ஆறு பேருக்குத் தாராளம்.

சாமான்கள்

5.5 முதல் 6 லிட்டர் ஸ்லோ குக்கருக்கான கணக்கு இது.

சக் ரோஸ்ட் 1.5 கிலோ
தூள் உப்பு 2 தேக்கரண்டி, ஏறக்குறைய 12 கிராம்
பொடித்த மிளகு 1 தேக்கரண்டி
எண்ணெய் 2 மேசைக்கரண்டி
பெரிய வெங்காயம் 2, பூண்டு 6 பல்
டொமேட்டோ பேஸ்ட் 2 மேசைக்கரண்டி
உப்பில்லாத பீஃப் ஸ்டாக் (மாட்டெலும்பு வேகவைத்த சாறு) 300 மி.லி.
வூஸ்டர்ஷயர் சாஸ் 1 மேசைக்கரண்டி, சோயா சாஸ் 1 மேசைக்கரண்டி
தைம் 4 கொத்து அல்லது உலர்ந்தது 1 தேக்கரண்டி, பே இலை 2
கேரட் 500 கிராம், உருளைக்கிழங்கு 700 கிராம், செலரி 2 தண்டு
கடைசியில் சேர்க்க: சோள மாவு 2 மேசைக்கரண்டி, வினிகர் 1 தேக்கரண்டி

பே இலை என்றதும் பிரியாணிக்குப் போடும் பிரிஞ்சி இலையை எடுத்துவிடாதீர்கள். அது வேறு மரம், பட்டை வாசனை வரும். மூன்று நரம்பு நீளவாக்கில் ஓடினால் பிரிஞ்சி. நடுவில் ஒரே நரம்பும் பக்கக் கிளைகளும் இருந்தால் மேற்கத்திய பே இலை. இல்லையென்றால் விட்டுவிடுங்கள், குடி முழுகாது. உருளைக்கிழங்கில் கவனம் வேண்டும். மாவாக உதிரும் ரஸெட் வகை எட்டு மணி நேரத்தில் கரைந்து சாற்றைக் கலக்கிவிடும். சிவப்புத் தோல் வகை அல்லது யூகான் கோல்டு வடிவம் கெடாமல் நிற்கும்.

ஸ்டாக் கட்டியோ உப்புப் போட்ட டப்பா ஸ்டாக்கோதான் இருக்கிறது என்றால் கறியில் தடவும் உப்பைப் பாதியாக்குங்கள். சோயாவும் வூஸ்டர்ஷயரும் தம் பங்குக்கு உப்போடுதான் வருகின்றன. பின்னால் சாற்றை வற்றவைக்கும்போது எல்லாம் சேர்ந்து கரிக்கும்.

முதல் நாள் இரவு

கறி உறைந்திருந்தால் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து முழுதாக இளகவிடுங்கள். ஒன்றரைக் கிலோவுக்கு ஒரு நாளுக்கு மேலும் பிடிக்கும். உறைந்த கறியை நேராக ஸ்லோ குக்கரில் போடவே கூடாது. 5 டிகிரி செல்சியஸிலிருந்து 60 வரையுள்ள இடைவெளியில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். ஸ்லோ குக்கர் மெதுவாகச் சூடேறும் சாதனம். உள்ளே பனிக்கட்டியும் இருந்தால் கறி அந்த இடைவெளியில் மணிக்கணக்காகத் தங்கிவிடும்.

காகிதத் துண்டால் கறியை ஒற்றி, உப்பை எல்லாப் பக்கமும் தடவி, மூடாமல் ஃப்ரிட்ஜில் வையுங்கள். இரவு முழுக்க உப்பு உள்ளே இறங்கும், மேற்பரப்பு காயும். காய்களை நறுக்கித் தனி டப்பாவில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் கறியை இரவே வறுத்துவைத்துக் காலையில் வேகவைக்கும் குறுக்குவழி வேண்டாம். அரைகுறையாகச் சூடான கறி ஃப்ரிட்ஜில் கிடப்பது ஆபத்து.

வறுப்பு

இதைத் தாண்டிப் போனாலும் கறி மென்மையாகத்தான் வேகும். ருசிதான் வராது. ஸ்லோ குக்கருக்குள் ஈரம் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. கறியின் மேல் பழுப்பு நிறமும் வறுத்த மணமும் வருவதற்கு 150 டிகிரி அளவுக்குச் சூடு தேவை. அதை வெளியே அடுப்பில் கொடுத்துவிட வேண்டும். வறுத்தால் சாறு உள்ளேயே பூட்டப்படும் என்பது வெறும் கதை. வறுத்த கறியும் அதே அளவு சாறு விடும். நிறத்துக்கும் மணத்துக்கும்தான் வறுக்கிறோம்.

கனமான இரும்பு வாணலி எடுங்கள். பழைய இரும்புத் தோசைக்கல்லும் அருமையாக வேலை செய்யும், ஆனால் அடுத்த வாரத் தோசை உங்களை மன்னிக்காது. புகை லேசாக எழும்வரை காயவைத்து, எண்ணெய் விட்டு, கறியை மறுபடி ஒற்றி, மிளகு தூவி வையுங்கள். பிறகு தொடாதீர்கள். ஒரு பக்கத்துக்கு 4 முதல் 5 நிமிடம். இழுக்க வராமல் ஒட்டிக்கொண்டால் இன்னும் ஆகவில்லை. நிறம் பிடித்தபின் தானே விடும். இரண்டு அகலப் பக்கமும் முடிந்ததும் ஓரங்களை ஒரு நிமிடம் நிமிடமாகக் காட்டுங்கள். சாம்பல் நிறம் போதாது, கருந்தேன் நிறம் வர வேண்டும்.

கறியை எடுத்துவிட்டுத் தீயைக் குறைத்து, தடிமனாக அரிந்த வெங்காயத்தை அதே எண்ணெயில் 5 நிமிடம் வதக்குங்கள். நசுக்கிய பூண்டு, டொமேட்டோ பேஸ்ட் போட்டு, பேஸ்ட் செங்கல் நிறத்துக்கு மாறும்வரை 2 நிமிடம் கிளறுங்கள். ஸ்டாக்கை ஊற்றி, அடியில் பிடித்ததை மரக்கரண்டியால் சுரண்டிக் கரையுங்கள். வறுத்ததன் பலன் முக்கால்வாசி அந்த அடிப்பிடிப்பில்தான் இருக்கிறது, கழுவிக் கொட்டிவிடாதீர்கள். சிவப்பு வைன் சேர்ப்பதாக இருந்தால் ஸ்டாக்குக்கு முன் 120 மி.லி. ஊற்றிப் பாதியாக வற்றவிடுங்கள். ஸ்லோ குக்கரின் மூடிக்குள்ளிருந்து ஆவி அதிகம் வெளியேறாது. வைனை நேராக அதில் ஊற்றினால் சாராய நெடி கடைசிவரை தங்கும்.

அடுக்குவதும் ஊற்றுவதும்

காய்கள் கீழே, கறி மேலே. கறியை விடக் காய் மெதுவாக வேகும் என்பது விசில் கணக்கில் பழகியவர்களுக்கு நம்ப முடியாததாக இருக்கும். காயை இறுக்கிப் பிடித்திருக்கும் பெக்டின் 85 டிகிரிக்கு மேல்தான் சரியாக இளகத் தொடங்குகிறது. தக்காளியின் புளிப்பும் வைனின் புளிப்பும் அதை இன்னும் தாமதப்படுத்தும். ஸ்லோ குக்கரில் சூடு அடியிலும் பக்கச் சுவரிலும்தான். அதனால் உருளைக்கிழங்கையும் கேரட்டையும் 4, 5 செ.மீ. துண்டுகளாக வெட்டி அடியில் பரப்புங்கள். எட்டு மணி நேரம் கழித்துக் கறி பிரிகிறது, கேரட் மட்டும் நறுக்கென்று இருக்கிறது என்றால் காய் மேலே கிடந்திருக்கும்.

காயின் மேல் கறி, கொழுப்புப் பக்கம் மேலே பார்க்கட்டும். செலரி, தைம், பே இலையைச் சுற்றிலும் செருகி, வாணலியில் உள்ளதை அப்படியே கவிழ்த்து, இரண்டு சாஸையும் ஊற்றுங்கள். கறி முக்கால்வாசி வெளியே தெரியும். சரிதான், விட்டுவிடுங்கள். இந்த 300 மி.லி. முடிவில் ஏறக்குறைய இரட்டிப்பாகும், ஏனென்றால் கறியும் வெங்காயமும் சாறு விடும், ஆவி மூடியில் பட்டுத் திரும்ப விழும். கறி மூழ்க ஒரு லிட்டர் ஊற்றினால் கிடைப்பது வேகவைத்த கறியும் சப்பென்ற சூப்பும்தான். பாத்திரம் பாதிக்கு மேலும் முக்காலுக்குக் கீழுமாக நிறைந்திருக்கட்டும். பாதிக்கும் குறைந்தால் ஓரம் கருகும், தளும்ப நிறைந்தால் நடுப்பகுதிக்குச் சூடு போக நேரமாகும்.

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பீங்கான் பாத்திரத்தைச் சூடான அடிப்பகுதியில் வைத்தால் விரிசல் விடும். அதை அடுப்புத் தீயிலும் வைக்க வேண்டாம்.

எட்டு மணி நேரத்தில் உள்ளே நடப்பது

ஒன்றரைக் கிலோவுக்கு ‘லோ’வில் 8 முதல் 9 மணி நேரம், ‘ஹை’யில் 5 முதல் 6. இரண்டு நிலையும் கடைசியில் வந்து சேரும் சூடு ஏறக்குறைய ஒன்றுதான், கொதிநிலைக்குச் சற்றுக் கீழே. எவ்வளவு சீக்கிரம் அங்கே போய்ச் சேருகிறது என்பதில்தான் வித்தியாசம். பாட் ரோஸ்ட்டுக்கு லோ நல்லது: வெளிப்புறம் பிசிறாகும் முன் நடுப்பகுதியும் கூடவே வந்து சேரும். ‘வார்ம்’ நிலை சமைப்பதற்கல்ல. அதில் தொடங்கினால் கறி வேகாது, கெட்டுப்போகும்.

இந்த மெதுவான சூட்டுக்குப் பழைய வேர் ஒன்று உண்டு. யூதர்களுக்குச் சனிக்கிழமை ஓய்வு நாள், அடுப்பு மூட்டக் கூடாது. அதனால் வெள்ளி மாலையே பயறும் கறியும் சேர்த்துச் சோலண்ட் என்ற பதார்த்தத்தை அணையும் அடுப்பில் வைத்துவிடுவார்கள், இரவெல்லாம் வேகும். லித்துவேனியாவிலிருந்து வந்த தன் குடும்பத்தின் சோலண்ட் நினைவை வைத்துத்தான் சிகாகோவின் இர்விங் நாக்ஸன் மின்சாரப் பானை ஒன்றை உருவாக்கி 1940இல் காப்புரிமை பெற்றார். 1971இல் ரைவல் நிறுவனம் அதைக் கிராக்-பாட் என்று விற்றதும் அமெரிக்கச் சமையலறைகளில் இடம் பிடித்துவிட்டது. காலையில் வைத்துவிட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு அது சரியாகப் பொருந்தியது.

சூடு 60 டிகிரி தாண்டும்போது தசைநார் சுருங்கித் தன்னிடமுள்ள நீரைப் பிழிந்து வெளியே விடும். 70, 80 டிகிரியில் கறி சுருங்கி, ரப்பராக, வறண்டு இருக்கும். நான்கு ஐந்து மணி நேரத்தில் முள்கரண்டியால் குத்திப் பார்ப்பவர் பார்ப்பது இந்தக் கட்டத்தைத்தான். ஆனால் இதே நேரத்தில் ஜவ்விலுள்ள கொலாஜன் என்ற புரதம் கொஞ்சம் கொஞ்சமாக ஜெலட்டினாக உருகத் தொடங்கியிருக்கும். அதற்குச் சூடு மட்டும் போதாது, அந்தச் சூட்டில் மணிக்கணக்காக நிற்கவும் வேண்டும். உருகி முடிந்ததும் நாரும் நாரும் ஒன்றையொன்று பிடித்திருந்த பசை போய்விடும். வெளியேறிய நீருக்குப் பதிலாக வழவழப்பான ஜெலட்டின் நார்களுக்கிடையே நிற்கும். அதனால்தான் ஆறாவது மணி நேரத்தில் மெல்ல முடியாத அதே துண்டு ஒன்பதாவது மணி நேரத்தில் உதட்டில் ஒட்டும் அளவுக்குக் குழைகிறது. ரவுண்டில் உருக ஜவ்வே குறைவு. அங்கே நீர் போனது போனதுதான்.

தெர்மாமீட்டர் இருந்தால் நடுவில் 93 முதல் 96 டிகிரி, அமெரிக்கக் கருவியில் ஃபாரன்ஹீட் கணக்கில் 200 முதல் 205 காட்ட வேண்டும். எண்ணை விட முள்கரண்டி நம்பகமானது. குத்தித் திருகுங்கள், தடையில்லாமல் திரும்பிக் கறி இழையாகப் பிரிந்தால் ஆயிற்று. திருப்பித் தள்ளினால் மூடிவிட்டு 45 நிமிடம் கழித்துப் பாருங்கள். அதற்கு முன் அடிக்கடி திறக்க வேண்டாம், ஒவ்வொரு முறையும் 20, 30 நிமிடம் பின்னால் போகும். லோவில் எட்டு மணி நேரம் ஆகும் முன் மூடியைத் தொடுவதற்கு ஒரு காரணமும் இல்லை.

மறுபக்கமும் உண்டு. லோவில் 12 மணி நேரம் போனால் நார் நூல்நூலாகப் பிரிந்து, வாயில் பஞ்சடைத்ததுபோல் இருக்கும். வீட்டுக்கு வர நேரமாகும் என்றால் தானாக வார்முக்கு மாறும் டைமர் வையுங்கள். வார்மில் இரண்டு மணி நேரம் நிற்கலாம். வீட்டில் ஆளில்லாதபோது மின்சாரம் போய், எவ்வளவு நேரம் போனது என்று தெரியாவிட்டால், கறி வெந்ததுபோல் தெரிந்தாலும் கொட்டிவிட வேண்டியதுதான்.

கிரேவி

கறியையும் காயையும் தட்டில் எடுத்து, தளர்வாக மூடி 15 நிமிடம் வையுங்கள். சாற்றை வடிகட்டி, மேலே மிதக்கும் கொழுப்பைக் கரண்டியால் வழித்தெடுங்கள். சக் நிறையக் கொழுப்பு விடும், சோம்பல்பட்டால் வாயெல்லாம் பிசுபிசுக்கும். சாற்றை அகலமான வாணலியில் கொதிக்கவிட்டு அரை லிட்டருக்குக் கொண்டுவாருங்கள். சோள மாவை 3 மேசைக்கரண்டி குளிர்ந்த நீரில் கரைத்துக் கொதியில் சிறிது சிறிதாக ஊற்றி, கரண்டியின் பின்புறத்தில் படியும் பதம் வந்ததும் நிறுத்துங்கள். முழுதும் தேவைப்படாமல் போகலாம். வினிகரை விட்டபின்தான் உப்புப் பாருங்கள். எட்டு மணி நேரம் வெந்த சாறு மந்தமாக இருக்கும். அந்த ஒரு தேக்கரண்டி புளிப்பில் எழுந்துகொள்ளும், உப்புக் குறை என்று நினைத்தது பல நேரம் புளிப்புக் குறையாகவே இருக்கும்.

நூலை அவிழ்த்து, நார் ஓடும் திசைக்குக் குறுக்கே ஒரு விரல் கனத்துக்கு வெட்டுங்கள். சக்கில் பல தசைகள் சேர்ந்திருப்பதால் திசை நடுவில் மாறும். வெட்டத் தொடங்கியதும் உதிர்ந்தால் கத்தியை விட்டுவிட்டுப் பெரிய துண்டுகளாகப் பிரித்துக் கிரேவியை மேலே ஊற்றுங்கள்.

மிஞ்சினால் இரண்டு மணி நேரத்துக்குள் ஆழமில்லாத டப்பாக்களில் சாற்றோடு ஃப்ரிட்ஜில் வையுங்கள், 3, 4 நாள் தாங்கும். மறுநாள் கொழுப்பு மேலே கட்டியாக நிற்கும், தூக்கி எறிவது சுலபம். சாறு கூழாக உறைந்திருந்தால் ஜவ்வு நன்றாக உருகியிருக்கிறது. சூடாக்க ஸ்லோ குக்கர் வேண்டாம், நேரமெடுக்கும்; மூடிய வாணலியில் சாற்றோடு சிறுதீயில், நன்றாக ஆவி பறக்கும்வரை. மஞ்சளும் மிளகாய்த்தூளும் போடக் கை துறுதுறுக்கும் வீடுகளில் அதை இந்த மறுநாள் கறியில் வைத்துக்கொள்ளலாம்: கறியை இழையாகப் பிய்த்து, தேங்காய் எண்ணெயில் சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, இடித்த மிளகோடு ஓரம் மொறுமொறுக்கும்வரை வதக்குங்கள். ஏற்கெனவே வெந்தது என்பதால் பத்து நிமிடம் போதும்.